பேசித் தீர்ப்பதற்குள் ஆறு மாதம் போய்விடுகிறது: டர்பன் வட்டாரத் தமிழ்ப் பெரியவர்களுக்கும் முதலாளிகளுக்கும் ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், இசிப்பிங்கோ பகுதிகளின் கோயில் கமிட்டிகளுக்கும், தமிழ்ச் சங்கங்களுக்கும், கடையும் ஃபேக்டரியும் நடத்தும் நம்மவர்களுக்கும்,

வணக்கம்.

வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பெண்ணுக்குப் பாலியல் தொல்லை நடந்தால், நம் ஆட்களில் அந்தப் பேச்சு முதலில் வந்து சேருவது உங்களிடம்தான். அவள் அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா அத்தையிடம் சொல்கிறாள். அத்தை, கோயில் கமிட்டியில் இருக்கும் தெரிந்த ஒருவரைப் பிடிக்கிறாள். நீங்களும் தட்டிக் கழிப்பதில்லை, உட்கார்ந்து கேட்கிறீர்கள். கேட்டுவிட்டு, "கொஞ்சம் பொறும்மா, நாங்க பேசித் தீர்த்து வைக்கிறோம்" என்கிறீர்கள்.

அந்தப் "பொறும்மா" பற்றித்தான் இந்த மடல்.

நான் தையல் ஃபேக்டரிகளில் பல வருஷம் மெஷினில் உட்கார்ந்தவள், ஷாப் ஸ்டூவர்டாகவும், அதாவது அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியாகவும், இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு, இப்படிப்பட்ட தொல்லையில் மாட்டிக்கொண்ட பெண்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன், கூடவும் போகிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். உங்கள் வீட்டுப் பெண்களோடு கோயில் சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறேன். உங்கள் நல்ல மனசில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பொறுக்கச் சொல்லும்போது அவளுக்குச் சட்டத்தில் இருக்கும் வழி அடைபட்டுப் போகிறது. இது உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கான முக்கியமான சட்டம் 1998-இல் வந்த வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம். தொல்லை கொடுப்பதை அது வெறும் ஒழுங்கீனமாகப் பார்ப்பதில்லை. நியாயமற்ற பாகுபாடு என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. பாதிக்கப்பட்ட பெண் தன் புகாரைச் சமரச, நடுவர் ஆணையத்துக்கு, நாமெல்லாம் சி.சி.எம்.ஏ. என்று சொல்கிறோமே அங்கே, எழுத்தில் அனுப்பலாம். கட்டணம் கிடையாது. அனுப்ப வக்கீலும் தேவையில்லை. எல்.ஆர்.ஏ. 7.11 என்ற படிவத்தை நிரப்பி, ஒரு நகலை முதலாளிக்குக் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வைத்துக்கொண்டு, ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால் 10-ஆம் பிரிவில் ஒரு கெடு இருக்கிறது. அந்தச் செயல் நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அனுப்பியாக வேண்டும். தொல்லை தாங்காமல் அவளே ராஜினாமா செய்யும்படி ஆகிவிட்டாலும், அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டாலும், அந்த வேலை நீக்கத்தை எதிர்ப்பதற்குக் கெடு இன்னும் குறைவு, வெறும் 30 நாள்.

ஆறு மாதம் என்றால் நிறைய நாள் மாதிரித் தோன்றும். நம் காலண்டரில் அது எப்படிக் கரைகிறது என்று பாருங்கள்.

ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஸ்டாக் எழுதும் பெண். இருபத்துச் சொச்சம் வயது. முதலாளியின் மைத்துனர்தான் அங்கே மேனேஜர். ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவார். இவள் பதில் போடமாட்டாள். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள், சரக்கறையில் அரிசி மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது கதவைச் சாத்திவிட்டுப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். அவள் திமிறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். எண்ணிக்கை எழுதிய அட்டை கையிலேயே இருந்தது என்று என்னிடம் சொன்னாள்.

செப்டம்பரில் விஷயம் பெரியவர்களிடம் போனது. கோயில் ஹாலை ஒட்டிய அறையில் நாலு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். டீ, பிஸ்கட் வந்தது. "புரட்டாசி நடக்குது, எல்லாரும் விரதத்துல இருக்கோம், முடியட்டும்" என்றார்கள். புரட்டாசி முடிந்தது. தீபாவளி வியாபாரம் வந்தது. கடையில் நெரிசல், இப்போது போய் இதைப் பேச முடியுமா என்றார்கள். டிசம்பர் நடுவில் பாதி ஊர் லீவில் போய்விட்டது. ஜனவரியில் ஸ்டாக் கணக்கெடுப்பு. அப்புறம் தைப்பூசம். "காவடி முடிஞ்சதும் கூப்பிட்டுக் கண்டிக்கிறோம்" என்றார்கள். சொன்னபடி கூப்பிட்டார்கள், கண்டித்தார்கள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டாராம். அவளிடம் இல்லை, பெரியவர்களிடம். அடுத்த வாரமே அவளுக்கு வாரக் கடைசியில் மட்டும் வேலை என்று ஆக்கிவிட்டார்கள். சம்பளம் பாதிக்கும் கீழே போனது.

அவள் என்னைத் தேடி வந்தது மார்ச் மாதம். ஒரு பிளாஸ்டிக் உறையில் அந்த வாட்ஸ்அப் செய்திகளை அச்செடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் நீல பேனாவால் தேதி. அவ்வளவு ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்த பெண்ணுக்குக் கெடு ஒன்று இருக்கிறது என்று அந்த அறையில் யாருமே சொல்லவில்லை. அது பிப்ரவரி கடைசியிலேயே முடிந்துபோயிருந்தது.

கெடு தாண்டினாலும் தக்க காரணம் காட்டினால் ஏற்றுக்கொள்ள ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். எவ்வளவு தாமதம், ஏன் தாமதம், வழக்கில் எவ்வளவு வலு இருக்கிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். எதிர்த்தரப்பும் ஆட்சேபிக்கலாம். எங்கள் காரணம் சுத்தமான காரணம். சமூகப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பதாகச் சொன்னார்கள், அவள் நம்பிக் காத்திருந்தாள். அதை எழுதி, தேதி போட்டு, ஒரே ஒரு கையெழுத்துக் கேட்டு அந்த நாலு பேரில் ஒருவர் வீட்டுக்குப் போனோம். நல்ல மனிதர். அவர் மனைவி எங்களுக்குச் சாப்பாடு போட்டார். கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "நம்ம பேரு அந்த ஆபீஸ்ல எல்லாம் போகக் கூடாதும்மா" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் அதோடு விட்டுவிட்டாள். இப்போது ஜோஹன்னஸ்பர்க்கில் எங்கேயோ வேலை பார்க்கிறாள். அந்த மேனேஜர் அதே கடையில் அதே நாற்காலியில் இருக்கிறார்.

இது ஒரு கதை. பெயரையும் கடையையும் மாற்றினால் இதே மாதிரி இன்னும் சொல்வேன். எதிலும் யாரும் அந்தப் பெண்ணை விரட்டிவிடவில்லை. அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் புகார் கொடுத்தால் என்ன நடக்கும், எங்கே கொடுப்பது, எத்தனை நாளுக்குள் கொடுப்பது என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

"கோர்ட்டு கேஸுன்னு போனா பொண்ணு பேருதான் கெடும், கல்யாணம் ஆக வேண்டியவ" என்பீர்கள். சி.சி.எம்.ஏ.வின் முதல் படியே கோர்ட் கிடையாது. சமரசப் பேச்சு. மூடிய அறையில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்து, கமிஷனர் ஒருவர் பேசிப் பார்ப்பார். அங்கே பேசியது வெளியே போகக் கூடாது, அதைப் பிறகு எதிராகவும் பயன்படுத்த முடியாது. பொதுவாக அந்தப் படியில் வக்கீல்களுக்கு இடமில்லை. தொழிற்சங்க ஆள் கூட வரலாம். உடன்பாடு வந்தால் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு தரப்பு அதை மீறினால், அந்த உடன்பாட்டையே நடுவர் தீர்ப்பாக ஆக்கிக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது.

பேசித் தீர்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் அதற்கான மேசை அங்கேயே போட்டிருக்கிறது. அந்த மேசையின் தலைமாட்டில் உட்காருபவர் முதலாளிக்குச் சொந்தக்காரர் இல்லை, கோயில் கும்பாபிஷேகத்துக்கு அவரிடம் நன்கொடை வாங்கியவரும் இல்லை. உங்களைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பெரிய நன்கொடை தரும் முதலாளியின் மைத்துனரைப் பற்றி அதே முதலாளியின் பணத்தில் கூரை போட்ட ஹாலில் உட்கார்ந்து நடுநிலையாக விசாரிப்பது எந்த மனிதனுக்கும் கஷ்டம். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அது நியாயம் இல்லை. அவர் பக்கத்தில் உண்மை இருந்தால் அதை முறையாகக் கேட்டுப் பதிவு செய்யும் இடம்தான் அவருக்கும் வேண்டும்.

சமரசம் நடக்கவில்லையா? பாலியல் தொல்லை வழக்காக இருந்தால் அவள் தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் போகலாம், சி.சி.எம்.ஏ.விலேயே நடுவர் விசாரணையும் கேட்கலாம். 2014 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த வழியைத் திறந்தது. அதற்கு முன்னால் எதிர்த்தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் நடுவரிடம் போக முடியும், இல்லாவிட்டால் நீதிமன்றம்தான். மாதச் சம்பளத்தில் வக்கீல் வைக்க முடியாத பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். ஃபேக்டரியில் நாங்கள் இருந்த காலத்தில் இப்படி ஒரு வழி இல்லையே என்று நான் நினைக்காத நாள் இல்லை.

உங்களில் சட்டம் படித்தவர்கள் ஒன்று கேட்பார்கள். புகாரை அனுப்பும் முன் பிரச்சினையைத் தீர்க்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்று அதே 10-ஆம் பிரிவு சொல்கிறதே, நாங்கள் செய்வது அதுதானே என்று. முயற்சி எடுக்க வேண்டும், சரி. அதற்கு அவள் முதலாளிக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதி, என்ன நடந்தது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு, பதிலுக்குக் கொஞ்ச நாள் கொடுத்தாலே முயற்சிதான். புரட்டாசியிலிருந்து தைப்பூசம் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இப்போது முதலாளிகளுக்குத் தனியாக.

"அது அவங்க ரெண்டு பேருக்குள்ள நடந்த விஷயம், கம்பெனிக்கு என்ன சம்பந்தம்" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதே வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 60-ஆம் பிரிவைப் படியுங்கள். உங்களிடம் வேலை பார்ப்பவர் ஒருவர் இப்படி நடந்துகொண்டார் என்று தெரிவிக்கப்பட்டதும், நீங்கள் சம்பந்தப்பட்ட எல்லோரையும் கலந்து பேசி, அதை நிறுத்தத் தேவையானதைச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால், அவர் செய்த தப்பை நீங்களும் செய்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். தடுப்பதற்கு என்னால் ஆனதையெல்லாம் செய்தேன் என்று நிரூபித்தால்தான் தப்பிக்கலாம். நிரூபிக்கக் காகிதம் வேண்டும். கொள்கை ஒன்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும், விசாரித்ததற்குக் குறிப்பு இருக்க வேண்டும். மைத்துனரைத் தனியாக அழைத்து இரண்டு வார்த்தை திட்டினேன் என்பது எதையும் நிரூபிக்காது.

2003-இல் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. காவல் பணி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த பெண். மேலதிகாரி மாதக்கணக்கில் தொல்லை கொடுத்தார். அந்தப் பெண் நிறுவனத்திடம் சொன்னார். நிறுவனம் மேலதிகாரியைத் தொடவில்லை, புகார் சொன்ன பெண்ணைத்தான் வேறு இடத்துக்கு, அதுவும் இரவுப் பணிக்கு மாற்றியது. அவர் வேலையை விட்டார். நீதிமன்றம் நிறுவனத்தையே பொறுப்பாளியாக்கி இழப்பீடு கொடுக்க வைத்தது. புகார் சொன்னவளை இடம் மாற்றுவதும் அவள் வேலை நேரத்தைக் குறைப்பதும் தீர்வு இல்லை என்பதற்கு இருபது வருஷத்துக்கு மேலாகத் தீர்ப்பு கையில் இருக்கிறது. இன்றைக்கும் நம் கடைகளில் அதைத்தான் முதலில் செய்கிறீர்கள்.

2015-இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதையும் கேளுங்கள். போட்ஸ்வானாவுக்கு வேலையாகப் போன இடத்தில், தங்கும் விடுதியில், வேலை நேரம் முடிந்த பிறகு, வயதில் மூத்த ஊழியர் ஒருவர் ஓர் இளம்பெண்ணிடம் தகாத முறையில் பேசினார். அந்தப் பெண் அந்தக் கம்பெனியின் ஊழியர்கூட இல்லை. தொடவும் இல்லை, ஒரு ராத்திரிப் பேச்சுத்தான். இருந்தும் அவரை வேலையிலிருந்து நீக்கியது சரி என்றது நீதிமன்றம். "ஒரு தடவைதானே", "வெளியூர்ல நடந்தது", "சும்மா விளையாட்டுக்குச் சொன்னாரு" என்ற எல்லாப் பேச்சுக்கும் அந்தத் தீர்ப்பில் பதில் இருக்கிறது.

வேலை உலகத்தில் வன்முறையையும் துன்புறுத்தலையும் ஒழிக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கையைத் தென்னாப்பிரிக்கா 2021 நவம்பரில் ஏற்றது. அதையொட்டி 2022 மார்ச் 18 முதல் பணியிடத் துன்புறுத்தலுக்குப் புதிய நடைமுறைக் கோவை, அதாவது வழிகாட்டு நெறிகளின் தொகுப்பு, அமலில் இருக்கிறது. எந்த வழியில் போவது, முறைப்படி புகாரா அல்லது முறைசாராத பேச்சா என்பதைப் புகார் சொல்பவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அது. முறைசாராத வழியில் போய்த்தான் ஆக வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அவர் முறைப்படி புகார் வேண்டாம் என்றாலும், மற்றவர்களுக்கு ஆபத்து இருக்கிறதா என்று முதலாளி பார்க்க வேண்டும். நோய் விடுப்பெல்லாம் தீர்ந்துபோனால் கூடுதலாகச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. பதில் சொல்லாமல் விலகிப் போவதும் மறுப்புத்தான். அந்த ஸ்டாக் எழுதிய பெண் ராத்திரிச் செய்திகளுக்குப் பதில் போடாமல் இருந்தாளே, அது போதும்.

கோயில் கமிட்டிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். அந்தக் கோவை பேசுவது சம்பள ஊழியர்களை மட்டும் அல்ல. தொண்டர்களும், பயிற்சிக்கு வருபவர்களும், வேலை தேடி வருபவர்களும் அதில் உண்டு. காவடிக்கு முந்தின ராத்திரி அன்னதானத்துக்குச் சமைக்கும் பெண்கள், சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கும் டீச்சர், ஹாலைக் கூட்டித் துடைக்கும் அம்மா, இவர்களுக்கெல்லாம் உங்கள் கோயில் வேலை செய்யும் இடம்தான். கமிட்டியில் இருப்பவரைப் பற்றியே புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்று உங்கள் விதிமுறையில் எழுதியிருக்கிறதா? நான் பார்த்த விதிமுறைகளில் காலணி எங்கே விட வேண்டும் என்பது இருக்கிறது, இது இல்லை.

இந்த மண்ணில் நம் பெண்களுக்கு முறையிடும் இடம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் வந்தார்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று கணக்கு வைத்துத்தான் ஏற்றினார்கள். கரும்புத் தோட்டத்தில் பெண்களைத் தொந்தரவு செய்தவர்களில் வெள்ளைக்கார ஓவர்சியர் மட்டும் இல்லை, நம் ஆளே ஆன சர்தாரும், அதாவது கங்காணியும், உண்டு. 1872-இல் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்று ஒரு பதவியை நேட்டால் அரசு உண்டாக்கியது. அவரிடம் போய்ப் புகார் சொல்ல வேண்டுமானால் தோட்டத்தை விட்டு வெளியே வர அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத் தர வேண்டியவர், யாரைப் பற்றிப் புகாரோ அவருடைய முதலாளி. 1891-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது. அனுமதி இல்லாமல் கூட்டமாகப் போய் முறையிட்டால், முறையீடு நியாயமாகவே இருந்தாலும், வேலையை விட்டுப் போனதற்குத் தண்டனை.

நம் பாட்டிமார் பலர் சொல்லாமலே செத்தார்கள். இன்றைக்கு இருக்கும் வழிக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம். 0861 16 16 16 என்ற எண்ணுக்குப் போன் செய்து சி.சி.எம்.ஏ.வில் கேட்கலாம். இப்படிப்பட்ட வழி வந்த பிறகும் நம் பிள்ளைகள் நம் அனுமதிக்காக ஹாலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

சில விஷயங்கள் உங்கள் கைக்கே வரக் கூடாதவை. சம்மதமில்லாமல் உடம்பைத் தொட்டுப் பாலியல் நோக்கோடு நடந்துகொண்டால் அது 2007-ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டப்படி குற்றம். போலீஸுக்குப் போகும் உரிமை அவளுக்கு உண்டு, கம்பெனி விசாரணை நடக்கிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கூட லீவில் கடையில் நிற்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்த யாரும் உடனே போலீஸிடம் சொல்லியாக வேண்டும். அதே 2007 சட்டத்தின் 54-ஆம் பிரிவு. சொல்லாமல் இருப்பதே குற்றம், ஐந்து வருஷம் வரை சிறை. அந்தப் பிள்ளையின் விஷயத்தை ஹாலில் வைத்துப் பேசி முடித்துவிட்டு வீட்டுக்குப் போன நாலு பேரும் சட்டத்தின் பார்வையில் குற்றவாளிகள். வன்புணர்வு வரைக்கும் போயிருந்தால் ஃபீனிக்ஸ் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும் சாட்ஸ்வர்த் ஆர்.கே. கான் மருத்துவமனையிலும் துத்துசேலா மையம் இருக்கிறது. மருத்துவம், ஆலோசனை, வாக்குமூலம் எல்லாம் ஒரே இடத்தில். வீட்டுக்கு வந்து குளித்து உடை மாற்றுவதற்கு முன்னால் அங்கே கூட்டிப் போக வேண்டும். பாலின வன்முறைக்கான அரசு உதவி மையத்தை எந்த நேரத்திலும் கூப்பிட இலவச எண் 0800 428 428.

வேலை போய்விடுமோ என்று பயந்து கம்பெனியில் புகார் கொடுக்கத் தயங்குபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2013 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. பக்கத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விண்ணப்பிக்கலாம், வக்கீல் இல்லாவிட்டால் அங்கிருக்கும் கிளார்க் உரிமைகளை எடுத்துச் சொல்ல வேண்டும். உடனடி ஆபத்து என்று தெரிந்தால், எதிர்த்தரப்பைக் கேட்பதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போடக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. உத்தரவோடு கைது வாரண்டும் சேர்ந்தே வரும், அவர் மீறினால்தான் அது உயிர்பெறும். இது முதலாளி, தொழிலாளி என்று பார்ப்பதில்லை. கடைக்கு வரும் கஸ்டமர், சரக்கு இறக்கும் டிரைவர், கோயில் தொண்டர், ராத்திரியில் போனில் தொல்லை தருபவர் என்று யார் மேலும் கேட்கலாம். ஆனால் இது கம்பெனியைத் திருத்தாது. ஒருவரை அவளிடமிருந்து தள்ளி வைக்கும், அவ்வளவுதான். அதனால் சி.சி.எம்.ஏ. வழியையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கடைசியாக, தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே சமையலிலும் நகைக்கடையிலும் கம்ப்யூட்டர் வேலையிலும் இருக்கும் பெண்களைப் பற்றி. இந்த மடலைத் தமிழில் எழுதியதற்கு அவர்களும் ஒரு காரணம். விசா முதலாளி கையில், சில இடங்களில் பாஸ்போர்ட்டும் முதலாளி பீரோவில். புகார் கொடுத்தால் நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். சரியான வேலை அனுமதி இல்லாத வெளிநாட்டவரும் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் கீழ் ஊழியர்தான், சி.சி.எம்.ஏ. அவர் வழக்கைக் கேட்கலாம் என்று 2008-இலேயே தொழிலாளர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தங்கச்சி, நீ படித்துக்கொண்டிருந்தால் இதை மனதில் வை. நடந்ததைத் தேதி போட்டு எழுதி வை, செய்திகளை அழிக்காதே, போன் உடைந்தாலும் இருக்கும்படி நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வை. பார்த்தவர் யார் என்று எழுது. அழுதுகொண்டே போய் யாரிடம் முதலில் சொன்னாயோ அவரும் சாட்சிதான்.

பெரியவர்களே, நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒரு பெண் உங்களிடம் வந்ததும், கேட்ட அன்றைக்கே ஒரு தாளில் தேதி போட்டு, அவள் சொன்னது நடந்த நாளை எழுதி, அதிலிருந்து ஆறு மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று அவள் கையில் எழுதிக் கொடுங்கள். அவள் கேட்டால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள். அவள் சம்மதித்தால் பேசிப் பாருங்கள், ஆனால் படிவம் போன பிறகு பேசுங்கள். கேட்கும் அறையில் இரண்டு பெண்களாவது உட்கார்ந்திருக்கட்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சொந்தமோ வியாபாரத் தொடர்போ இருப்பவர் எழுந்து வெளியே போகட்டும். ஈஸ்டர் சமயத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் எவ்வளவு கூட்டம் திரளுகிறது, அந்த மாதிரி இடங்களில் அன்னதான வரிசைக்குப் பக்கத்தில் இந்த இரண்டு போன் எண்ணையும் அந்த ஆறு மாதக் கெடுவையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சூலுவிலும் எழுதி ஒட்டுங்கள். நம் சமையற்கட்டுகளில் வேலை பார்க்கும் சூலுப் பெண்களுக்கும் இதே சட்டம்தான்.

முதலாளிகளே, உங்கள் கடையில் புகாரை யாரிடம் கொடுப்பது என்பதைச் சொந்தக்காரர் அல்லாத ஒருவர் பெயரோடு எழுதி ஒட்டுங்கள். புகார் வந்தால் முதலில் இடம் மாற வேண்டியவள் அவள் இல்லை.

இந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் பேச வேண்டியவற்றில் இதையும் சேருங்கள். எந்தக் கோயில், எந்தச் சங்கம் கூப்பிட்டாலும் படிவங்களை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன், உட்கார்ந்து நிரப்பிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தையல் ஃபேக்டரியில் ஷாப் ஸ்டூவர்டாக இருந்த ஒரு தமிழ்ப் பெண்
சாட்ஸ்வர்த், டர்பன்